தறி நின்றால் அழுகிற பிள்ளை

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற ரோட்டில் கஜபதியின் பவர்லூம் செட்டுக்கு யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதே தறிச் சத்தம் வந்து காதில் விழும், இறங்கிக்கொள்ளலாம். அம்மையார்குப்பத்தில் அடுத்தவன் தறியில் கூலிக்கு நின்ற பையன், ஐந்தாவதோடு புத்தகத்தை மூடியவன், இன்றைக்குச் சொந்த செட், செட்டை ஒட்டி மாடி வீடு என்று தலை நிமிர்ந்து நிற்கிறார். தூக்கிவிட ஒரு கை இல்லை. சிபாரிசுக்கு ஒரு வாய் இல்லை. தானாக வந்தவர். அதை அவரும் மறந்ததில்லை, அடுத்தவரையும் மறக்க விட்டதில்லை.

"எவன்கிட்டயும் நான் கத்துக்கினது கிடையாது. தறிய எனக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? பாத்தேன், பண்ணேன், அவ்ளோதான்" என்பார், ராஜகோபால் டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

அப்படிப்பட்ட மனுஷன் சனிக்கிழமை காலையில் ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு, டிவி எதிரில் பள்ளிக்கூடப் பையனைப் போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? கஜபதி தறி நின்றால் ஒன்று சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் டிவியில் டாக்டரம்மா வந்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு ஒரே ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அவர் மகன் தணிகைவேல் வாயைத் திறந்து அவரை 'நைனா' என்று கூப்பிட வேண்டும்.

காதோரம் நரைத்த பிறகு பிறந்த பிள்ளை அவன். அதற்கு முன்னால் அவர் மனைவி பிரபாவதி மலை ஏறாத கிருத்திகை இல்லை. பிள்ளைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. முடி இறக்கிக் காது குத்த வைகாசிக் கிருத்திகைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. ஆனால் பிள்ளை 'ம்ம்' என்பான், 'ப்ப' என்பான், அதற்குமேல் ஒரு சொல் இல்லை. ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்றார்கள் சிலர். தேன் தடவச் சொன்னார்கள் சிலர். கஜபதி டிவியைப் போட்டார்.

சனிக்கிழமை காலை நிகழ்ச்சியில் குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசுகிற டாக்டர் பெயர் கவிப்பிரியா. கண்ணாடி, காட்டன் புடவை, அதட்டாத குரல். வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துச் செய்தும் காட்டுவார். அதுதான் கஜபதிக்குப் பிடித்தது. பார்த்தேன், பண்ணேன் என்று வாழ்ந்தவர் அல்லவா?

முதலில் கற்றது, பிள்ளையோடு பேசும்போது நின்றுகொண்டு பேசாதே, அதன் உயரத்துக்கு உட்கார்ந்து முகத்துக்கு நேரே கண்ணைப் பார்த்துப் பேசு என்பது. கஜபதி அன்றைக்கே முட்டியை மடக்கிக் குந்தி, "கண்ணு, செருப்ப எட்த்துகினு வா" என்றார். தணிகைவேல் அவர் முகத்தையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தான், ஓடிப்போய்ச் செருப்பைக் கொண்டுவந்தான். கஜபதிக்குத் தரையில் கால் பாவவில்லை.

"தோ பார், ராஜகோபாலு! கவிப்பிரியா மேடம் சொன்னது அப்டியே வேல செய்யுது. உன் பேரன் கத்தறானே, குந்திப் பேசு, குந்திப் பேசு!"

"நான் குந்தினா எவன் என்னத் தூக்கறது?" என்றார் ராஜகோபால்.

நிகழ்ச்சியைக் கடைசிவரைக்கும் அவர் பார்த்ததில்லை. செய்துகாட்டுவது முடிந்து, கவிப்பிரியா வெறுமனே பேச ஆரம்பித்ததும் வேலைக்காரர்களுக்குக் கையைத் தூக்கிச் சாடை காட்டிவிடுவார். தறிகள் இரையத் தொடங்கும். அப்புறம் டிவியில் வாய் மட்டும் அசையும். ஒரு சனிக்கிழமை அப்படித் தறி ஓடத் தொடங்கிய பிறகு, டாக்டரம்மா காதைத் தொட்டுத் தொட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கம்மல் தளர்ந்திருக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டே கஜபதி டிவியை அணைத்தார்.

இன்னொரு விஷயம். சனிக்கிழமையோ சாயங்காலமோ, தறி நின்றதும் தணிகைவேல் அழுவான். தரையில் கையை விரித்து அடித்து அடித்து அழுவான். தறி திரும்ப ஓடியதும் கண்ணீரோடு சிரிப்பான்.

"நெசவாளி ரத்தம்டா! தறி சத்தம் இல்லாம இருக்க முடியல பாரு அவனால" என்று மார்தட்டினார் கஜபதி.

தார் சுற்ற, அதாவது குச்சியில் ஊடை நூல் ஏற்ற, வருகிற துர்கா நெடுநாளாக அந்த செட்டில் இருப்பவள். ஒருநாள் தயங்கித் தயங்கி, "ண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. புள்ளைக்கு ஒருவாட்டி காத காட்டிட்டு வந்துடுங்களேன்" என்றாள்.

"காதா? தறி நின்னா அழுவறான், ஓடினா சிரிக்கிறான். கேக்காமலா அழுவறான்? தறிகிட்ட நின்னு நின்னு உன் காதுதான் போயிருக்குது, நீ போய்க் காட்டிகினு வா!"

செட்டே சிரித்தது. துர்காவும் சிரித்துவிட்டுத் தாரை எடுத்தாள்.

தறிவீட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? கிட்டே போய்த் தோளைத் தொடுவார்கள், இல்லையென்றால் எதிரில் வந்து கையை ஆட்டுவார்கள். சோற்றுக்கு ஐந்து விரலையும் வாய்க்கு நேரே குவிப்பார்கள். தண்ணீருக்குக் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்ப்பார்கள். நூல் தீர்ந்துபோனால் விரித்த கையைத் திருப்பிக் காட்டுவார்கள். விளக்கு வைத்துத் தறி ஓய்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடாது. அந்த வீட்டில் தணிகைவேலை யாரும் பின்னாலிருந்து கூப்பிட்டது கிடையாது. வந்தார்கள், தொட்டார்கள். கைச் சாடையில் அவன் பெரிய கெட்டிக்காரன், பெரியவர்களுக்கு இழை அறுந்ததைக் காட்டிக்கொடுப்பான்.

கோடை பிறந்தது. காது குத்துப் பத்திரிகை வீடு வீடாகப் போயிற்று. டீக்கடையில் ராஜகோபால் கிளாஸை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏன் கஜபதி, ஊர்ல இருக்கற புள்ளைங்களுக்கெல்லாம் பாடம் நடத்துறியே, உன் புள்ள நைனான்னு கூப்ட்டானா? டாக்டரம்மா இன்னா சொல்றாங்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரிப்பை டீயோடு விழுங்கினார்கள். கஜபதி கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அந்தச் சனிக்கிழமை டாக்டரம்மா சொன்னது அவருக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. பிள்ளை கையைக் காட்டியதும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், வாய் திறந்து கேட்கப் பழக்குங்கள். கத்தினால், அடம்பிடித்தால், திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கத்தினால் காரியம் ஆகாது என்று தெரிந்ததும் தானாக வழிக்கு வருவான்.

வீட்டில் சட்டம் போட்டார் கஜபதி. "இனிமே விரல காட்டினா எவளும் எதுவும் குடுக்கக் கூடாது. தண்ணின்னு சொல்லணும். சொன்னா தண்ணி."

"ஏங்க, குழந்தைங்க அது" என்றாள் பிரபாவதி.

"நீ செல்லம் குடுத்துக் குடுத்துதான் அவன் வாயே தொறக்கல. கம்முனு இரு. மேடம் படிச்சவங்களா, நீ படிச்சவளா?"

அந்த வாரம் முழுக்க அதுதான் நடந்தது. தணிகைவேல் குடத்துப் பக்கம் வருவான், கட்டைவிரலை வாய்க்குச் சாய்ப்பான். கஜபதி குந்தி உட்கார்ந்து, "தண்ணி... சொல்லு, தண்ணி" என்பார். பிள்ளை அவர் உதட்டையே பார்ப்பான். உதட்டை அவனும் அசைப்பான், சத்தம் வராது. மறுபடி கட்டைவிரல். பிறகு அழுகை. கஜபதி முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிள்ளை சுற்றி வந்து எதிரே நின்று முகத்தைப் பார்க்கப் பார்ப்பான், அவர் இந்தப் பக்கம் திரும்புவார். இந்தப் பக்கம் வருவான், அவர் அந்தப் பக்கம் போவார். அவர் கை டம்ளர் வரைக்கும் போகும். ஆனாலும் திரும்ப மாட்டார். ஒரு காரியத்தில் இறங்கிவிட்டுப் பின்வாங்கியவர் இல்லையே அவர்.

ஒரு மத்தியானம் பிரபாவதி அலறியது தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பிள்ளையின் வாயெல்லாம் சிவப்பு. மோவாய் சிவப்பு, சட்டை சிவப்பு. ரத்தம் என்றே நினைத்துவிட்டாள். ரத்தம் இல்லை. லுங்கிக்குப் போடுகிற சிவப்புத் தாரை நனைத்து வைத்திருந்த வாளியில் வாயை வைத்துக் குடித்திருக்கிறான். சாயம் கரைந்த தண்ணீர்.

பக்கத்துத் தெரு டாக்டர் வாந்தி எடுக்க வைத்து, பயமில்லை என்று அனுப்பிவிட்டார். பிரபாவதி பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காமல் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். வந்ததும் குடத்தை நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தாள், டம்ளரை மேலே கவிழ்த்தாள்.

"உங்க மேடம் வந்து இத எடுக்கட்டும். நீங்க எடுத்தீங்க, நான் எந்தம்பி வூட்டுக்குப் போயிடுவேன்."

கஜபதி எடுக்கவில்லை. ஆனால் தோற்றதாகவும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமையும் தறி நின்றது. இந்த முறை டாக்டரம்மா சொன்னது சின்ன விஷயம்தான். பிள்ளையைக் கூப்பிடும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இருக்கிற இடத்திலிருந்தே, பேர் சொல்லி, மெதுவாக ஒரே தரம் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டுக் காத்திருங்கள்.

மறு வாரம் மின்வாரியக்காரர்கள் லைன் வேலை என்று காலையிலேயே கரண்டை நிறுத்தினார்கள். தறிகள் அடங்கின. வழக்கம்போல அழுதுவிட்டு, தணிகைவேல் செட்டின் அந்தக் கோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து காலித் தார்க்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். வேலைக்காரர்கள் வெளியே மர நிழலுக்குப் போய்விட்டார்கள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று கஜபதி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டார்.

"தணிகை."

பிள்ளை திரும்பவில்லை. காத்திருக்கச் சொன்னார்களே, காத்திருந்தார். பிடிவாதத்தைப் பார், அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கிறது என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டார்.

"தணிகை!" இன்னும் கொஞ்சம் உரக்க. தார்க்குச்சி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

கைதட்டினார். விசில் அடித்தார். பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்து இரும்புக் குழாயில் ஓங்கி ஒரு போடு போட்டார். கூரை ஷீட்டின் மேலிருந்த புறாக்கள் படபடவென்று எழுந்து பறந்தன. வெளியே துர்கா, "இன்னாண்ணா வுழுந்துது?" என்று கத்தினாள். பிள்ளை மட்டும் அடுக்கிக்கொண்டே இருந்தான்.

கஜபதி ஸ்பேனரைக் கீழே வைத்தார். எழுந்தார். தறிக்கு அடியில் போட்டிருக்கிற பலகை செட்டின் அந்தக் கோடிவரை ஓடுகிறது. அதன்மேல் காலைத் தூக்கி ஓங்கி மிதித்தார்.

தணிகைவேல் சட்டென்று திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு. அப்பாவைப் பார்க்கவில்லை. தறியைப் பார்த்தான். ஓட ஆரம்பித்துவிட்டதா என்று தரையில் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்தான். ஓடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு அணைந்தது. திரும்பிக்கொண்டான்.

தறிக்காரனுக்கு இதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. சத்தம் நின்றதற்காக அவன் அழவில்லை. தரையின் அதிர்வு செத்துப்போனதற்காக அழுதிருக்கிறான், இத்தனை நாளும்.

மத்தியானம் பிரபாவதி சோறு போட்டாள், தின்றார். என்ன ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்றாள், ஒன்றுமில்லை என்றார். பொழுது சாயக் கரண்ட் வந்தது. தறிகள் ஓடின. அந்த இரைச்சல் எழுந்த பிறகுதான் அவருக்குத் தைரியம் வந்தது. கடைசித் தறியில் பாவு நூல் பார்த்துக்கொண்டிருந்த பிரபாவதி எதிரில் போய் நின்றார். மூலையில் இருந்த பிள்ளையைக் காட்டினார். தன் காதைத் தொட்டார். பிறகு கையை விரித்துத் திருப்பிக் காட்டினார். நூல் தீர்ந்துபோனால் காட்டுகிற சாடை.

பிரபாவதிக்குப் புரிய நேரம் ஆகவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் ஒவ்வொரு தறியாகப் போய்த் தானே நிறுத்தினாள். வேலைக்காரர்கள் ஒன்றும் விளங்காமல் விலகி நின்றார்கள். கடைசித் தறி நின்றதும் தணிகைவேல் தரையை அடித்து அழத் தொடங்கினான்.

"தண்ணிக்கு விரல காட்டிக்கினே இருந்தானே" என்றாள் பிரபாவதி, அவன் அழுகைக்கு நடுவில். "அவன் கேட்டுட்டான்ங்க. நம்ம பாஷையில கேட்டுட்டான். நாமதான் கேக்கல."

கஜபதி போய்ப் பிள்ளைக்காக ஒரு தறியை ஓட்டிவிட்டார்.

விஷயம் தெரிந்து ஓடிவந்த பிரபாவதியின் தம்பி குமரேசன் வேறு கணக்கில் இருந்தான். தாய்மாமன் அவன்தான், அவன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும்.

"பாவா, கிருத்திகை முடியட்டும். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம். பத்திரிகை குடுத்த எடத்துல காது கேக்கலன்னு தெரிஞ்சா, காதுகுத்துல அதே பேச்சாயிடும். நீங்க வேற ஊர் முழுக்க டிவி கதைய அளந்து வச்சிருக்கீங்க."

"அளந்தவன் நானு. பேச்சு வாங்கறவனும் நானே. நீ வண்டி எடு" என்றார் கஜபதி.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் வைத்து, தலையில் ஒயர் ஒட்டி, பிள்ளையைத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் பெரிய சத்தம்கூட மிகக் கொஞ்சமாகத்தான் போகிறது என்றார் டாக்டர். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் கொடுப்போம், பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துவர வேண்டும், இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் நல்லது, எவ்வளவு பேசுவான் என்று இப்போது சொல்ல முடியாது.

"டிவில ஒரு மேடம் சொன்னத பாத்துதாங்க நான் வளத்தேன்" என்றார் கஜபதி. "அவங்க இதப்பத்தி சொல்லலீங்களே."

"பேச்சு வரலன்னா மொதல்ல காத பாருங்கன்னு எல்லாருமே சொல்வாங்களே, பெரியவரே" என்றார் டாக்டர்.

கஜபதிக்குத் தறி இரைச்சலுக்கு நடுவே அசைந்த அந்த வாய் நினைவுக்கு வந்தது. காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டிய விரல். தளராத கம்மல்.

கொஞ்ச நேரம் கழித்து, பிரபாவதிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். "குந்தி, கண்ண பாத்துப் பேசினேங்க. அது தப்பில்லியே?"

"ரொம்ப நல்லது. அதனாலதான் இவ்ளோ புரிஞ்சுக்கறான். விடாம பண்ணுங்க."

"அழுவறப்போ மூஞ்சியத் திருப்பிக்கினது?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "காது கேக்கற புள்ளைக்கு நீங்க திரும்பினாலும் உங்க குரல் இருக்கும். இவனுக்கு உங்க மூஞ்சிதாங்க எல்லாமே."

திரும்பி வரும் வழியெல்லாம் கஜபதி பிள்ளையைத் தன் முகத்தைப் பார்க்கிற மாதிரி மடியில் திருப்பி வைத்துக்கொண்டு வந்தார்.

கிருத்திகை அன்று மலையில் கூட்டம் நெரிந்தது. மெஷின் இன்னும் வந்து சேரவில்லை. முடி இறக்கிச் சந்தனம் பூசிய தலையோடு தணிகைவேல் குமரேசன் மடியில் உட்கார்ந்தான். மேளக்காரர்கள் கிட்ட வந்ததும் பிள்ளை தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துச் சிரித்தான். ராஜகோபாலும் வந்திருந்தார். பழைய ஞாபகத்தில், "இன்னா கஜபதி, புள்ள நைனான்னு சொல்லிட்டானா?" என்றார்.

உறவுக்காரர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். குமரேசன் கண்ணால் வேண்டாம் என்றான்.

"இல்லப்பா" என்றார் கஜபதி, எப்போதும் பேசுகிற அதே பெரிய குரலில். "அவனுக்குக் காது கேக்கல. நான் இத்தினி நாள் கத்துனது ஒண்ணுகூட அவன் காதுல வுழல. தப்பு அவன்துமில்ல, டிவிதுமில்ல."

ராஜகோபால் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மேளம் வேகம் எடுத்தது. ஆசாரி ஊசியை ஏற்றினார். பிள்ளை வீறிட்டான். கஜபதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முட்டி மடக்கி அவன் எதிரில் குந்தினார். இன்னொரு காதும் குத்தி முடிகிறவரை அவன் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்திருந்தார்.

எல்லாம் முடிந்து மண்டபத்து நிழலில் உட்கார்ந்தார்கள். சிவந்த காதுகளோடு, விக்கிக்கொண்டே தணிகைவேல் தண்ணீர்ப் பானையைப் பார்த்தான். கட்டைவிரல் எழுந்தது. பாதியிலேயே நின்றது. அதற்குள் கஜபதி டம்ளரை நிறைத்து அவன் முன்னால் நீட்டிவிட்டார்.

பிள்ளை வாங்கவில்லை. டம்ளரைப் பார்த்தான். அப்பா முகத்தைப் பார்த்தான். உதட்டைப் பார்த்தான். என்னவோ சொல்லப்போகிறார், சொன்னால்தான் கிடைக்கும் என்று காத்திருக்கிற பார்வை. அவன் உதடும் மெல்ல அசைந்தது, சத்தம் வரவில்லை.

"குடிறா கண்ணு" என்றார் கஜபதி. டம்ளரை இன்னும் கிட்டே கொண்டுபோனார். அவன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"கீழ வச்சுடுங்க" என்றாள் பிரபாவதி மெதுவாக.

கீழே வைத்தார். பிள்ளை அசையவில்லை. அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தொண்டை வறண்டு விழுங்குவது தெரிந்தது. கஜபதிக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த முகம் திரும்பினால் ஒன்றும் கிடைக்காது, ஆனால் இந்த முகம் திரும்பிய பிறகுதான் நாமாகப் போய் எங்கேயாவது குடித்துக்கொள்ளலாம் என்று அவர்தான் அவனுக்குப் பழக்கியிருக்கிறார்.

எவனிடமும் கற்றுக்கொள்ளாதவர், அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் கற்றதைச் செய்தார். மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பின்னால் பிள்ளையின் கால் கொலுசு ஒலித்தது. டம்ளர் கல்தரையில் உரசியது. மடக் மடக்கென்று தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் கஜபதி கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.